ஏற்காட்டு சாக்லேட்டும் நமது பில் புத்தகமும்

நமது தமிழ்நாட்டில் காகிதம் சுற்றி வருகிற இனிப்பு எதுவானாலும் அதற்குப் பெயர் சாக்லேட்தான். பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கொடுப்பதும் சாக்லேட், பஸ்ஸில் வாய்க் குமட்டலுக்குப் போட்டுக்கொள்ளும் புளிப்பு மிட்டாயும் சாக்லேட், ஒரு ரூபாய் சில்லறை இல்லாவிட்டால் கல்லாவிலிருந்து நாம் எடுத்துக் கொடுப்பதும் சாக்லேட். இவற்றில் பெரும்பாலானவற்றில் கோகோ என்ற பொருள் மருந்துக்குக்கூட இருக்காது. கேட்கிறவருக்கும் அது தெரியும், கொடுக்கிற நமக்கும் தெரியும். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அதே வார்த்தையைப் பில்லிலும் பெட்டி மேல் ஒட்டுகிற லேபிளிலும் எழுதும்போது அது சட்டத்தின் வார்த்தையாகி விடுகிறது. இதை நாங்கள் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டோம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் கடை சேலம் செவ்வாய்ப்பேட்டையில். பிஸ்கட், மிட்டாய் மொத்த வியாபாரம். 1978-ல் பள்ளிப் படிப்பு முடித்த கையோடு அப்பாவுடன் கல்லாவில் உட்கார்ந்தோம். அப்போது கண்ணாடி ஜாடிகளில் கமர்கட், தேன் மிட்டாய், ஆரஞ்சு மிட்டாய் இருக்கும். கம்பெனிச் சரக்கு என்றால் பாரி, நியூட்ரின். பார் சாக்லேட் ஒரு பெட்டி வாங்கினால் விற்க ஒரு மாதம் ஆகும், அதுவும் டாக்டர் வீட்டுக்கும் பாங்க் மேனேஜர் வீட்டுக்கும்தான் போகும். வெயில் காலத்தில் அப்பா அதை வாங்கவே மாட்டார். "மாசிக்கு மேல அந்தச் சரக்கு வேண்டாம், பங்குனி வெயில்ல கொழம்பாப் போயிரும்" என்பார். அது ஏன் குழம்பாகிறது, பக்கத்தில் இருக்கிற இன்னொரு பழுப்பு நிற மிட்டாய் ஏன் குழம்பாகவில்லை என்று அவரும் யோசித்ததில்லை, நாங்களும் யோசித்ததில்லை. அந்த ஒரு கேள்விக்குள்தான் முழு விஷயமும் இருக்கிறது.

கொப்பரைக் கணக்கு

கோகோ என்பது ஒரு மரத்தின் காய்க்குள் இருக்கும் கொட்டை. காயை உடைத்து, கொட்டையைச் சதையோடு சில நாள் புளிக்க வைத்து, வெயிலில் உலர்த்தி, வறுத்து, தோல் நீக்கி அரைத்தால் கெட்டியான பழுப்புக் கூழ் வரும். கொட்டையில் பாதிக்குப் பாதி கொழுப்பு என்பதால் அரைக்கும்போதே கூழாகி விடுகிறது. இந்தக் கூழைச் செக்கில் போட்ட மாதிரி அழுத்தினால் கொழுப்பு தனியே பிரியும். அதுதான் கோகோ வெண்ணெய். மிஞ்சுகிற பிண்ணாக்கை இடித்துச் சலித்தால் கோகோ பவுடர். கொப்பரையை ஆட்டி எண்ணெயும் பிண்ணாக்கும் எடுக்கிற நம் ஊர்க்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இந்த அழுத்தும் எந்திரத்துக்கு 1828-ல் காப்புரிமை வாங்கியது ஹாலந்து நாட்டு வான் ஹூட்டன் குடும்பம். பிரிந்து வந்த வெண்ணெயைத் திரும்பக் கூழோடும் சர்க்கரையோடும் சேர்த்து, கடித்துத் தின்கிற பார் ஆக்கியவர்கள் இங்கிலாந்தின் ஃப்ரை கம்பெனிக்காரர்கள், 1847-ல். சுவிட்சர்லாந்தில் டேனியல் பீட்டர் 1875-ல் அதில் பாலைச் சேர்த்தார்.

கூழும் கோகோ வெண்ணெயும் சர்க்கரையும் மட்டும் சேர்ந்தால் டார்க் சாக்லேட். நம் சட்டத்தில் இதைச் சாதா சாக்லேட் என்ற பொருளில் எழுதியிருக்கிறார்கள். அதில் பால் பவுடர் சேர்ந்தால் மில்க் சாக்லேட். கூழே இல்லாமல் கோகோ வெண்ணெய், பால் பவுடர், சர்க்கரை மூன்றும் மட்டும் சேர்ந்தால் வெள்ளை சாக்லேட். இந்த மூன்றுக்கும் பொது அம்சம் கோகோ வெண்ணெய். அதுதான் விலை உயர்ந்த சரக்கு. உலகத்து அழகு சாதனக் கம்பெனிகளும் அதற்குப் போட்டி போடுகின்றன.

இனி நான்காவது சாதி. கோகோ வெண்ணெயை எடுத்துவிட்டு, பிண்ணாக்கான கோகோ பவுடரை மட்டும் வைத்துக்கொண்டு, வெண்ணெய்க்குப் பதில் பனைக்கொட்டை எண்ணெயைக் கெட்டிப்படுத்திய கொழுப்பைச் சேர்த்துச் செய்வது. இதற்குத் தொழிலில் காம்பவுண்ட் என்று பெயர். பேக்கரிக்காரர்கள் கேக் மேல் பூசுவதும், ஐஸ்கிரீம் குச்சி மேல் மொறுமொறுப்பாக இருப்பதும், பல மலிவு விலை வேஃபர் பிஸ்கட்டின் மேல் இருப்பதும் பெரும்பாலும் இதுதான். கோகோ வெண்ணெய் போட்ட நல்ல சரக்கின் விலையில் பாதிக்கும் கீழேதான் இதன் விலை.

காம்பவுண்ட் என்றால் கலப்படம் என்று நினைத்துவிட வேண்டாம். மைசூர்பாகை நெய்யிலும் செய்யலாம், வனஸ்பதியிலும் செய்யலாம். வனஸ்பதியில் செய்தது குற்றமில்லை. அதன் மேல் "நெய் மைசூர்பாகு" என்று எழுதினால்தான் குற்றம். வனஸ்பதி என்றதும் சிலர் டிரான்ஸ் கொழுப்பைப் பற்றிக் கேட்பார்கள். எண்ணெய், கொழுப்புகளில் அது 3 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2021 ஜனவரியிலும், 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று 2022 ஜனவரியிலும் விதி வந்துவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது

நமது நாட்டின் 2011-ம் ஆண்டு உணவுத் தர விதிமுறைகளில் சாக்லேட்டுக்கென்று ஒரு அட்டவணையே போட்டார்கள். எந்த வகையானாலும் மொத்தக் கொழுப்பு 25 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கொழுப்பு நீங்கிய கோகோ திடப்பொருள் டார்க் வகையில் குறைந்தது 12 சதவீதம், மில்க் வகையில் 2.5 சதவீதம். மில்க் சாக்லேட்டிலும் வெள்ளை சாக்லேட்டிலும் பால் கொழுப்பு குறைந்தது 2 சதவீதம், கொழுப்பு நீங்கிய பால் திடப்பொருள் 10.5 சதவீதம். பிற்பாடு வந்த திருத்தத்தில், கோகோ வெண்ணெய் அல்லாத தாவரக் கொழுப்பு 5 சதவீதம் வரை சேர்க்கலாம், ஆனால் அதை லேபிளில் தெரியும்படி அறிவிக்க வேண்டும் என்று வந்தது. அந்த 5 சதவீதத்தைத் தாண்டினால் அதற்குப் பெயர் சாக்லேட் இல்லை.

இந்த 5 சதவீதம் நாம் கண்டுபிடித்தது அல்ல. ஐரோப்பாவில் இதற்காக ஏறக்குறைய 30 வருடம் சண்டை நடந்தது. 1973-ல் பிரிட்டனும் அயர்லாந்தும் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்தபோது, அவர்கள் வழக்கப்படி சாக்லேட்டில் கொஞ்சம் வேறு கொழுப்பு சேர்த்து வந்தார்கள். பெல்ஜியம், பிரான்ஸ் நாட்டுக்காரர்கள் அதைச் சாக்லேட் என்று ஒப்புக்கொள்ள மாட்டோம் என்றார்கள். கடைசியில் 2000-ம் ஆண்டு உத்தரவில் 5 சதவீதத்துக்கு ராசியானார்கள். அதன் பிறகும் இத்தாலியும் ஸ்பெயினும் அப்படிப்பட்ட சரக்கின் மேல் "சாக்லேட்டுக்கு மாற்று" என்று எழுதச் சொல்லி அடம்பிடித்து, 2003-ல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் தோற்றார்கள். ஒரு மிட்டாய்ப் பெயருக்கு இவ்வளவா என்று தோன்றும். மெனக்கெட்டு வெண்ணெய் போடுகிறவனுக்கும் போடாதவனுக்கும் ஒரே பெயர் என்றால் போடுகிறவன் எப்படிப் பிழைப்பான் என்பதுதான் அங்கே வழக்கு.

பெட்டியில் "70 சதவீதம் கோகோ" என்று போட்டு வரும் சரக்கைப் பற்றிச் சில்லறைக் கடைக்காரர்கள் கேட்கிறார்கள். அது கூழும் கூடுதலாகச் சேர்த்த கோகோ வெண்ணெயும் சேர்ந்த கணக்கு. மிச்சம் 30-ல் பெரும்பங்கு சர்க்கரை. ஒரே 70 போட்ட இரண்டு கம்பெனிச் சரக்கு இரண்டு விதக் கசப்பாக இருப்பதற்கு, கூழ் எவ்வளவு வெண்ணெய் எவ்வளவு என்பதும், கொட்டை எந்த ஊர் என்பதும் காரணம். கூவர்ச்சர் என்று வருவது கோகோ வெண்ணெய் கூடுதலாகச் சேர்த்த, உருக்கினால் நன்றாக ஓடக்கூடிய முதல் தரச் சரக்கு. அச்சில் ஊற்றுகிறவர்கள் வாங்குவது.

மலையில் விளையாத மலைச் சாக்லேட்

ஏற்காடு போகிறவர்கள் ஏரிக்கரைப் பக்கம் இறங்கினால் "ஹோம் மேட் சாக்லேட்" போர்டுகளைப் பார்க்கலாம். காபிக்கொட்டை, மிளகு, தைலம் இவற்றோடு இதுவும் ஒரு மலைச் சரக்கு போல விற்கிறது. வருகிறவர்களில் பலர் சேர்வராயன் மலையில் கோகோ விளைகிறது என்றே நினைக்கிறார்கள். கோகோ மரத்துக்கு வெப்பமும் ஈரமும் நிழலும் வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், பனி மூடிக் கிடக்கிற ஏற்காட்டில் அது பிழைக்காது. அங்கே விளைவது காபி. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 19-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொண்டுவந்து வைத்தது. நமது மாநிலத்தில் கோகோ பார்க்க வேண்டுமென்றால் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் போக வேண்டும். பாக்கு விவசாயிகளுக்காக வைத்த கூட்டுறவு காம்ப்கோ, 1973-ல் மங்களூரில் தொடங்கியது. 1986-ல் புத்தூரில் சொந்தமாகச் சாக்லேட் ஆலையும் வைத்தார்கள்.

பிறகு ஏன் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று மலையிலேயே இந்தத் தொழில் வளர்ந்தது? குளிருக்காகத்தான். கோகோ வெண்ணெய் 32 முதல் 34 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். நம் உடம்புச் சூடு 37 என்பதால் நாக்கில் வைத்ததும் கரைகிறது. அதே காரணத்தால் சேலத்துச் சித்திரை வெயிலில் கடைப் பலகை மேலேயே கரைகிறது. அப்பா சொன்ன குழம்பு இதுதான். காம்பவுண்டில் இருக்கிற கொழுப்பு இன்னும் இரண்டு மூன்று டிகிரி தாங்கும். நாக்கில் வைத்தால் மெழுகு போலக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நிற்பதும் அதனால்தான்.

இன்னொரு சங்கதி, கோகோ வெண்ணெய் உறையும்போது ஆறு விதமாக உறையும். அதில் ஐந்தாவது விதத்தில் உறைந்தால்தான் பளபளப்பும், உடைத்தால் 'டக்' என்ற சத்தமும், நல்ல ஆயுளும் வரும். அதற்கு டார்க் சாக்லேட்டை 45, 50 டிகிரிக்கு உருக்கி, 27, 28 டிகிரிக்கு ஆற்றி, மறுபடி 31, 32 டிகிரிக்குச் சூடேற்றி அச்சில் ஊற்ற வேண்டும். மில்க் வகைக்கு இதைவிட ஓரிரு டிகிரி குறைவு. டெம்பரிங் என்கிறார்கள். சர்க்கரைப் பாகில் கம்பிப் பதம், உருட்டுப் பதம் பார்க்கிறவர்களுக்கு இது புரியும், ஆனால் பாகைவிட இதில் பிசகு அதிகம். சேலத்தில் ஏ.சி. அறை இல்லாமல் இதைச் செய்ய முடியாது. ஏற்காட்டில் வருடத்தில் பல மாதம் அடுக்களையிலேயே செய்யலாம். காம்பவுண்டுக்கு இந்த வம்பே இல்லை. உருக்கு, ஊற்று, ஆறவிடு, அவ்வளவுதான். ஆகவே வீட்டில் இரண்டு பெண்கள் சேர்ந்து தொழில் செய்யும் இடங்களில் காம்பவுண்டுதான் நுழைந்தது. அதைக் குறை சொல்லவில்லை. அந்தக் காம்பவுண்டை மலைக்கு ஏற்றி அனுப்பியவர்களில் நாங்களும் உண்டு.

எங்கள் கதை

எங்களிடம் ஸ்லாப் எடுக்கும் ஏற்காட்டுக் கடைக்காரர் ஒருவர் உண்டு. கணவனும் மனைவியுமாகச் சாக்லேட் செய்து விற்கிறவர்கள். பல வருடப் பழக்கம், கடன் பாக்கி என்று ஒரு நாள் நின்றதில்லை. சில வருடங்களுக்கு முன் கோடை விழாவை ஒட்டி நல்ல கூட்டம். வந்தவர்களில் சிலர் "ஒரிஜினல் சாக்லேட்தானா" என்று கேட்கவே, இவர் மனசுக்கு உறுத்தியிருக்கிறது. எங்களிடம் நல்ல கூவர்ச்சர் சரக்கு கொஞ்சம் வாங்கி, வழக்கமான காம்பவுண்டோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினார். தரம் கூடட்டும் என்று செய்ததுதான். பெட்டி மேல் "சுத்தமான சாக்லேட்" என்று லேபிளும் அடித்தார்.

இந்த இரண்டு கொழுப்பும் ஒன்றோடு ஒன்று சேராது. எண்ணெய்க்கு எண்ணெய்தானே என்று நாம் நினைப்போம். பனைக்கொட்டைக் கொழுப்பும் கோகோ வெண்ணெயும் கணிசமாகக் கலந்தால் இரண்டும் சரியாக உறையாமல் சரக்கு தொளதொளத்துப் போகும், சில வாரத்தில் மேலே சாம்பல் பூத்த மாதிரி வெள்ளை படரும். அப்படியே ஆயிற்று. வாங்கிப் போனவர்கள் வீட்டில் பெட்டியைத் திறந்தால் மேலெல்லாம் வெள்ளை. பூஞ்சை பிடித்த சரக்கை விற்றுவிட்டான் என்று ஒருவர் உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் எழுதிவிட்டார்.

அதிகாரி வந்து மாதிரி எடுத்துப் போனார். ஆய்வு முடிவில் பூஞ்சை ஒன்றுமில்லை, சரக்கு கெடவும் இல்லை. ஆனால் தாவரக் கொழுப்பு அளவுக்கு மேல், லேபிளில் அறிவிப்பு இல்லை, "சுத்தமான சாக்லேட்" என்று வேறு போட்டிருக்கிறது. தவறான பெயரிட்ட உணவு என்று வழக்கு. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 52-ன்படி இதற்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். சிறிய கடை, முதல் தடவை என்பதால் விதித்த தொகை அதில் சிறு பங்குதான். இருந்தாலும் அந்தக் குடும்பத்துக்கு ஒரு சீசன் லாபம் அதோடு போயிற்று.

அவர் எங்கள் கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. பையிலிருந்து எங்கள் பில்களை எடுத்து கல்லா மேல் வரிசையாக வைத்தார். "ஏனுங்கண்ணா, நீங்களும் பில்லுல 'டார்க் சாக். ஸ்லாப்'னுதானுங்களே போட்டிருக்கீங்க? நாங்க எதைப் பார்த்துத் தெரிஞ்சுக்கறதுங்க?" என்று கேட்டார்.

பதில் சொல்ல முடியவில்லை. குடோனுக்குப் போய் ஸ்லாப்பை எடுத்துக் கண்ணாடி போட்டுப் படித்தோம். தயாரிப்பாளர் ஒழுங்காகத்தான் போட்டிருந்தார். முன்பக்கம் "டார்க் காம்பவுண்ட்", பின்பக்கம் பொருள் பட்டியலில் சர்க்கரை, தாவரக் கொழுப்பு, கோகோ பவுடர் என்று வரிசையாக இருக்கிறது. அந்த "காம்பவுண்ட்" என்ற வார்த்தையைத் தின்றது எங்கள் பில் புத்தகம்தான். எழுத இடம் பற்றவில்லை என்று கணக்குப்பிள்ளை சுருக்கினார், நாங்கள் வருடக்கணக்காகக் கையெழுத்துப் போட்டோம். கம்ப்யூட்டர் பில் வந்தபோதும் பழைய பெயரையே ஏற்றி வைத்திருந்தோம். அபராதத்தில் பாதியை எங்கள் கணக்கில் எழுதிக்கொண்டோம். வீட்டில் மகனுக்கு அதில் சம்மதமில்லை. "லேபிள் அடிச்சது அவர்தானேப்பா" என்றான். லேபிள் அவருடையது, வார்த்தை நம்முடையது என்று சொல்லிவிட்டோம்.

அன்று முதல் எங்கள் பில்லில் மூன்று பெயர்: சாக்லேட், காம்பவுண்ட், மிட்டாய். இன்னொரு வேடிக்கையும் அப்போது தெரிந்தது. வரிப் பட்டியலில் சாக்லேட்டுக்கும் கோகோ கலந்த மற்ற பண்டங்களுக்கும் தலைப்பு எண் 1806. வெள்ளை சாக்லேட் மட்டும் அதில் சேராது. கோகோ கூழ் இல்லாததால் அது 1704, அதாவது சர்க்கரை மிட்டாய் ஜாதி. உணவுச் சட்டத்துக்கு அது சாக்லேட், வரிச் சட்டத்துக்கு அது மிட்டாய்! சாக்லேட்டுக்கு ஜி.எஸ்.டி. வந்த புதிதில் 28 சதவீதம், 2017 நவம்பரில் 18, இப்போது 2025 செப்டம்பர் 22 முதல் 5 என்று இறங்கியிருக்கிறது. இருந்தாலும் எண்ணைத் தப்பாகப் போட்டால் நோட்டீஸ் வரும் என்பதைக் கணக்குப் பார்ப்பவரிடம் சொல்லி வையுங்கள்.

வெள்ளை பூத்த சரக்கு

கலக்காத நல்ல சரக்கிலும் வெள்ளை பூக்கும். அதில் இரண்டு விதம் உண்டு. சூட்டில் இளகி மறுபடி இறுகினால் உள்ளேயிருந்து கொழுப்பு மேலே வந்து படிவது ஒன்று. தொட்டால் வழுவழுப்பாக இருக்கும், விரலால் தேய்த்தால் மறையும். ஈரம் பட்டு, மேலே இருக்கும் சர்க்கரை கரைந்து மறுபடி காய்ந்து படிவது இன்னொன்று. அது நறநறவென்று இருக்கும், தேய்த்தாலும் போகாது. இரண்டும் உடம்புக்குக் கெடுதல் இல்லை. வாடிக்கையாளர் கண்ணுக்குத்தான் பூஞ்சை. முதலாவது நம் சேலம் வியாதி, இரண்டாவது ஏற்காடு வியாதி. மதியம் வண்டி ஏற்றினால் அடிவாரம் தாண்டுவதற்குள் சரக்கு இளகும், 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் குளிரில் இறுகும். அதனால் நாங்கள் மலை லோடை விடியற்காலை 5 மணிக்கு அனுப்புகிறோம். மேலே போனதும் பெட்டியை உடனே பிரிக்கக் கூடாது. மூடுபனிக் காற்று பட்டால் வியர்த்துவிடும். ஒரு மணி நேரம் மூடியபடியே கிடக்கட்டும்.

இதே வியர்வைதான் நம் கடை ஃபிரிட்ஜிலும். 1990-களில் ஒரு மே மாதம் எங்கள் ஆஸ்பெஸ்டாஸ் குடோனில் எட்டுப் பெட்டி இளகிவிட்டது. புத்திசாலித்தனமாக ஐஸ்கிரீம் பெட்டியில் வைத்து இறுக்கினோம். எடுத்து வெளியே வைத்ததும் எட்டுப் பெட்டியும் வெள்ளை பூத்து, ஏஜென்சிக்காரர் டேமேஜ் எடுக்க மாட்டேன் என்று போய்விட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சாக்லேட்டுக்கு 15 முதல் 18 டிகிரி போதும், ஈரம் கூடாது. கம்பெனி தருகிற கூலரை மின்சாரச் செலவுக்குப் பயந்து இரவில் அணைத்துக் காலையில் போடுகிற கடைகளில் தினமும் சரக்கு ஒரு தடவை வியர்த்து ஒரு தடவை காய்கிறது. அந்த மின் செலவை யார் ஏற்பது என்பது தனி வழக்கு, அதைச் சங்கம் பேச வேண்டும்.

மளிகைக் கடையில் இன்னொரு எச்சரிக்கை. கொழுப்பு வாசனையை இழுக்கும். பெருங்காயம், ஊதுபத்தி, சோப்பு இவற்றுக்குப் பக்கத்தில் அடுக்கினால் சாக்லேட்டும் அதே வாசம் அடிக்கும். அரிசி, பருப்பு மூட்டையிலிருந்து வண்டு, அந்துப் பூச்சி காகிதத்தைத் துளைத்து உள்ளே போகும். 2003 அக்டோபரில் மகாராஷ்டிரத்தில் கேட்பரி டெய்ரி மில்க் பாரில் புழு கண்டுபிடிக்கப்பட்டு நாடு முழுவதும் பேச்சானது நினைவிருக்கும். கடைகளில் சரியாக வைக்காததால் வந்தது என்று கம்பெனி சொன்னது, உறையின் குறை என்று அரசுத் தரப்பு சொன்னது. மறு ஆண்டே உறையைச் சூட்டில் ஒட்டிய அலுமினியத் தாளாக மாற்றினார்கள். அந்த சீசன் முழுதும் திட்டு வாங்கியதில் நம் சில்லறைக் கடைகளும் உண்டு.

விலை ஏறிய கதை

உலகத்தில் பாதிக்கு மேல் கோகோ ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டே ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே மழை தவறி, மரத்துக்கு நோயும் வந்ததில், பல வருடமாக டன் 2,500 டாலரைச் சுற்றியே கிடந்த கொட்டை 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் 12,000 டாலரைத் தாண்டியது. கேரளத்திலும் 2024 கோடையில் காய்ந்த கொட்டை கிலோ ஆயிரம் ரூபாயைத் தொட்டது. 2025-ல் வெகுவாக இறங்கிவிட்டது என்றாலும், அந்த ஒன்றரை வருடத்தில் நடந்த மாற்றம் நம் அலமாரியில் தெரிகிறது. ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாரில் எடை சுருங்கியது. முன்பு உறையில் "சாக்லேட்" என்று இருந்த சில சரக்கில் இப்போது "சாக்கோ" என்றோ, "கோகோ சுவையுள்ள" என்றோ போட்டு வருகிறது. எழுத்து ஒன்று குறைந்தால் உள்ளே வெண்ணெய் குறைந்தது என்று அர்த்தம். விலை மட்டும் குறைந்தபாடில்லை. கொள்முதல் செய்யும்போது பழைய பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காமல் பின்பக்கப் பட்டியலைப் படியுங்கள். எது அதிகமோ அதுதான் முதலில் எழுதப்பட்டிருக்கும். கோகோ வெண்ணெய் என்ற வார்த்தை எங்குமே இல்லாவிட்டால் அது காம்பவுண்ட். வெள்ளை வகையில் கண்ணாலேயே ஓரளவு சொல்லலாம். உண்மையான வெள்ளை சாக்லேட் லேசான தந்த நிறம், சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் சந்தேகப்படலாம்.

நமது ஏற்காட்டுக்காரர் இப்போது இரண்டு தட்டு வைத்திருக்கிறார். ஒன்றில் "கோகோ வெண்ணெய் சாக்லேட்", இன்னொன்றில் "காம்பவுண்ட், தாவரக் கொழுப்பு சேர்ந்தது" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, விலையும் தனித்தனியே போட்டிருக்கிறார். முதல் சீசனில் பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்களாம், "தன் சரக்கைத் தானே மட்டம்னு எழுதி வெச்ச ஆளு" என்று. அவர்களில் ஒருவரும் இப்போது எங்களிடம் கூவர்ச்சர் எடுக்கிறார். விற்பனையில் காம்பவுண்டுதான் இன்றைக்கும் அதிகம், நாலில் மூன்று பங்கு என்று அவரே சொல்கிறார். கூட்டமாக பஸ்ஸில் வருகிறவர்கள் ஊரில் பத்து வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்க வாங்குகிறார்கள், அவர்களுக்கு விலைதான் கணக்கு. காரில் வருகிறவர்களில் சிலர் போர்டைப் படித்துவிட்டு விலை கூடியதைக் கேட்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் இவர் ஒரு வார்த்தை கூடச் சொல்லி அனுப்புகிறார்: "கீழ சேலத்துல வண்டிய வெயில்ல நிறுத்திட்டுச் சாப்பிடப் போயிடாதீங்க, பெட்டியக் கையோட எடுத்துக்கங்க."

வரும் கோடை விழாவுக்கு அவருக்கு 40 கிலோ கூவர்ச்சரும் 120 கிலோ காம்பவுண்டும் கேட்டிருக்கிறார். பில்லை இந்தத் தடவை நாங்களே எழுதினோம்.